மூட்டுத் தேய்மான வலிக்கு ஜெல்லும் மாத்திரையும்: எவ்வளவு, எப்போது, எத்தனை நாள்

முழங்கால் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஜெல்லைப் பட்டாணி அளவுக்குத் தொட்டுத் தடவிவிட்டு "இது கேட்கவில்லை" என்று தூக்கிப் போடுகிறார்கள். மாத்திரையோ கேட்கிறது என்பதாலேயே மாதக்கணக்கில் உள்ளே போகிறது. நியாயமாகப் பார்த்தால் தாராளமாகப் போட வேண்டியது ஜெல். கஞ்சத்தனம் மாத்திரையில்தான் வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

வீக்கமும் வலியும் குறைக்கும் இந்த மருந்துகள் (டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை; இங்கே "வலி மாத்திரை" என்பது இவற்றைத்தான், பாராசிட்டமாலை அல்ல) தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. வலியை அடக்கி, நடக்கவும் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுக்கவும் இடம் ஏற்படுத்தித் தரும். அந்த இடத்தைப் பயன்படுத்தாமல் மாத்திரை மட்டும் போட்டால் ஆறு மாதம் கழித்தும் அதே படியில் அதே வலிதான்.

முதல் படி: இது தேய்மான வலிதானா?

45, 50 வயதுக்கு மேல், மாடிப்படி ஏறி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலி; உட்கார்ந்தால் குறைவு; காலையில் எழுந்ததும் இறுக்கம் இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடுவது; மடக்கும்போது நறநறவென்ற சத்தம். இவை பொருந்தினால் பெரும்பாலும் தேய்மானம்தான். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்துக்கும் வலிக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. படம் மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு.

காலை இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்தாலும், விரல் மூட்டுகள் இரு கையிலும் ஒன்றாக வீங்கினாலும், ஒரே இரவில் மூட்டு சிவந்து கொதித்தாலும், காய்ச்சல் சேர்ந்தாலும் அது வேறு நோய். முடக்குவாதம், கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் வீக்கம்), மூட்டில் சீழ் என எதுவாகவும் இருக்கலாம். வலி மாத்திரை போட்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் நாம் உடனே சிக்குன்குனியா என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது டெங்குவாகவும் இருக்கலாம். டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லும்வரை டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகைகளை வலிக்காகத் தொடக் கூடாது, ரத்தக்கசிவு கூடும். அதுவரை பாராசிட்டமால் மட்டும். (இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.)

இரண்டாம் படி: மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

வலி மாத்திரையால் வரும் பெரிய சேதங்களில் பல, ஏற்கெனவே போகும் மாத்திரையோடு அது மோதுவதால் வருகின்றன. வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். முன்பக்கத்துக் கம்பெனிப் பெயர் இதற்கு உதவாது.

பிரஷர் மாத்திரையில் தொடங்கலாம். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் இவற்றில் ஒன்று இருக்கிறதா? அதே அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்ற நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறதா? நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே மாத்திரையில் வருவது சர்வசாதாரணம். இதன் மேல் வலி மாத்திரையும் விழுந்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது. டெல்மிசார்டன் வகை, சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. வரத்து குறைந்து, வடிகட்டியில் அழுத்தமும் விழுந்தால் வடிகட்டல் நின்றுபோகும். பல நாள் எதுவும் தெரியாமல் ஓடும். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்த நாளிலோ, வயிற்றுப்போக்கு வந்த நாளிலோ, பாதயாத்திரையின் நடுவிலோ, விரத நாளிலோ கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் எகிறும்.

அடுத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள்: ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசினோகூமரால். இவற்றோடு வலி மாத்திரை சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு ஆபத்து பல மடங்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதயத்துக்கு ஆஸ்பிரின் தரும் காவல் வீணாகும். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் ஆகியவையும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது. மெத்தோட்ரெக்சேட், லித்தியம் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட போடக் கூடாது.

பின்வருவோருக்கு வலி மாத்திரை வேண்டாம், ஜெல்லைக்கூட மருத்துவரிடம் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும்: ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) 30-க்குக் கீழ் உள்ளவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், குடல்புண்ணில் ரத்தம் வந்தவர்கள், ஆஸ்பிரின் போட்டால் மூச்சிரைப்பு வருபவர்கள். மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் கண்டவர்களுக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், எட்டோரிகாக்ஸிப், செலிகாக்ஸிப் ஆகாது.

"எனக்கு அல்சர் இருக்கு" என்று சொல்வதில் ஒரு தெளிவு வேண்டும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் எல்லாவற்றையும் நாம் அல்சர் என்றே சொல்கிறோம். எண்டோஸ்கோபியில் புண் பார்த்தார்களா, எப்போதாவது ரத்தம் வந்ததா என்பதுதான் மருத்துவருக்குத் தேவையான தகவல்.

மூன்றாம் படி: ஜெல்லில் தொடங்குங்கள், அளவோடு

முழங்காலுக்கும் கைவிரல் மூட்டுக்கும் முதல் மருந்து டைக்ளோஃபினாக் ஜெல். இடுப்பு மூட்டு சதைக்கு வெகு ஆழத்தில் இருப்பதால் அங்கே பயன் இல்லை. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 1.16 சதவீத ஜெல். ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு 3 அல்லது 4 வேளை.

4 கிராம் என்றால் எவ்வளவு? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ஜெல்லை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். ஆக 2 கிராமுக்கு நான்கு கோடு, 4 கிராமுக்கு எட்டுக் கோடு. 3 கிராம் வீதம் மூன்று வேளை என்றால் நாளுக்கு 9 கிராம். 30 கிராம் டியூப் ஒரு முழங்காலுக்கு மூன்று நாளைத் தாண்டாது. ஒரு டியூப் ஒரு மாதம் வந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் மருந்து போடவே இல்லை என்றுதான் அர்த்தம். செலவு கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. இரு காலுக்கும் கட்டுப்படியாகாவிட்டால் அதிகம் வலிக்கும் காலுக்கு முழு அளவு போடுங்கள். இரண்டுக்கும் அரைகுறையாகப் பங்கு வைப்பதில் பயனில்லை. மக்கள் மருந்தகங்களில் மூலப்பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை குறையும்.

தடவும் முறையிலும் கவனம் வேண்டும். தோல் காய்ந்திருக்க வேண்டும். முட்டிச் சில்லின் மேல் மட்டும் தடவினால் போதாது. முன்பக்கம், இரு பக்கவாட்டு, பின்மடிப்பு வரை சுற்றிலும் பரவ வேண்டும். அழுத்தித் தேய்ப்பதால் மருந்து கூடுதலாக இறங்காது. தடவி ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் படக் கூடாது. அதன் மேல் வெந்நீர் ஒத்தடமோ, ஹீட்டிங் பேடோ, இறுக்கமான நீக்கேப்போ போட்டால் மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும், தோலும் புண்ணாகும். தடவிய பின் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் எரியும். (கைவிரல் மூட்டுக்குத் தடவியவர்கள் மட்டும் ஒரு மணி நேரம் கழித்துக் கழுவலாம்.)

கடையில் "வலி ஜெல்" என்று கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கோடு மென்தால், மெத்தில் சாலிசிலேட், ஆளிவிதை எண்ணெய் கலந்ததைத்தான் தருவார்கள். அதில் வரும் குளுகுளுப்பும் எரிச்சலும் மென்தால், சாலிசிலேட்டின் வேலை. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பது தவறான கணக்கு. எரிச்சல் தாங்காமல் குறைவாகத் தடவுபவர்களுக்குத் தனி டைக்ளோஃபினாக் ஜெல்லே நல்லது. வார்ஃபரின் எடுப்பவர்கள் மெத்தில் சாலிசிலேட் உள்ளதைத் தவிர்க்க வேண்டும். தோல் வழியாகவே ரத்தத்தை நீர்க்கச் செய்துவிடும்.

ஜெல் முழு பலன் காட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு முழங்காலுக்கு முழு அளவு தடவினாலும் ரத்தத்தில் சேர்வது மாத்திரையோடு ஒப்பிட்டால் சுமார் 6 சதவீதம்தான். வயதானவர்களுக்கு இதை முதலில் சொல்வதன் காரணம் இதுதான்.

நான்காம் படி: மாத்திரை

ஜெல் மட்டும் போதாத நாட்களுக்கு மாத்திரை. மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள். வலி கூடிய நாளில் தொடங்கி 5 முதல் 10 நாளில் நிறுத்துவது நல்ல பழக்கம். கீழே உள்ளவை வேறு நோயில்லாத பெரியவர்களுக்கு வழக்கமான அளவுகள். உங்களுக்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஐபுபுரோஃபென் 400 மி.கி., நாளுக்கு மூன்று வேளை வரை. நாப்ராக்சென் 250 முதல் 500 மி.கி., இரு வேளை. இந்த வகையில் இதயத்துக்குத் தொந்தரவு குறைவானது, ஆனால் வயிற்றுக்குக் கூடுதல். அசிக்ளோஃபினாக் 100 மி.கி., இரு வேளை. டைக்ளோஃபினாக் 50 மி.கி., இரு வேளை. செலிகாக்ஸிப் 200 மி.கி., நாளுக்கு ஒன்று. வயிற்றுக்குச் சற்றுச் சாது, சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. எட்டோரிகாக்ஸிப் தேய்மானத்துக்கு 30 மி.கி., மிஞ்சினால் 60. கடையில் 90-ம் 120-ம் தாராளமாகக் கிடைக்கும். அந்த 120 கடுமையான கவுட் தாக்குதலுக்கானது, அங்கும் 8 நாளுக்கு மேல் கூடாது. பிரஷர் 140/90-க்கு மேல் அடங்காமல் நிற்பவர்கள் எட்டோரிகாக்ஸிப் பக்கமே போகக் கூடாது.

இவற்றில் ஒன்றுதான். காலையில் அசிக்ளோஃபினாக், மாலையில் ஐபுபுரோஃபென் என்று இரண்டைக் கலந்தால் வலி நிவாரணம் கூடாது, சேதம்தான் கூடும். ஒன்று ஒரு வாரம் இரண்டு வாரத்தில் கேட்கவில்லை என்றால் அதை நிறுத்திவிட்டு வேறொன்றைப் பார்ப்பதே முறை. ஒருவருக்குக் கேட்காதது இன்னொருவருக்குக் கேட்கும்.

பாராசிட்டமால் தேய்மான வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. சிறுநீரகமும் இதயமும் இடம் தராதவர்களுக்கு வேறு வழி குறைவு என்பதால் தருகிறார்கள். வயதானவர்களுக்கு நாளுக்கு 3 கிராமுக்குள் நிற்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அசிக்ளோஃபினாக் அட்டைகளில் பெயருக்குப் பின் "பி" அல்லது "பிளஸ்" இருந்தால் உள்ளே பெரும்பாலும் 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கும். அதோடு தனியாக 650-ஐ நாலு வேளை போட்டால் இரண்டு "பி" மாத்திரையும் சேர்த்துக் கணக்கு 3250-ஐத் தொட்டுவிடும்.

"எஸ்பி" என்று முடிந்தால் கூடுதலாக செர்ராஷியோபெப்டிடேஸ் இருக்கும். வீக்கம் கரையும் என்று சொல்லித் தரப்படும் இந்த என்சைமை ஜப்பானில் 2011-இல் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள், பலன் நிரூபணமாகவில்லை என்பதால். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. "எம்ஆர்" என்றால் தசை தளர்த்தும் மருந்து சேர்ந்தது. தேய்மானத்துக்குத் தேவையில்லை, 70 வயதுக்காரருக்கு இரவில் பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழ வைக்கும்.

வயிற்றுக்குக் காவல்

"சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது" என்பது பாதி உண்மை. சாப்பிட்ட பின் போட்டால் எரிச்சல் குறையும். புண் வருவது நிற்காது. புண் வரக் காரணம் மாத்திரை வயிற்றுச் சுவரில் உரசுவது மட்டும் இல்லை. மூட்டில் வலியை உண்டாக்கும் ப்ராஸ்டகிளாண்டின்தான் இரைப்பையில் சளிப் படலத்தைக் காக்கிறது. மருந்து ரத்தத்தில் கலந்து இரண்டு இடத்திலும் அதை நிறுத்துகிறது. ஊசியாகப் போட்டாலும் ஆசனவாய் வழியாக வைத்தாலும் இதே கதைதான். "ஊசி போட்டுக்கிட்டா வயித்துக்குத் தொந்தரவு இல்ல" என்ற பேச்சை விட்டுவிடலாம்.

65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு புண் இருந்தவர்கள், ஆஸ்பிரின் அல்லது ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு மாத்திரை போகும் நாள்வரை பான்டோபிரசோல் 40 மி.கி. அல்லது ஒமெப்ரசோல் 20 மி.கி. சேர வேண்டும். அதைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். பலர் இரண்டு மாத்திரையையும் ஒன்றாகச் சாப்பாட்டுக்குப் பின் வாயில் போடுகிறார்கள். கேஸ் மாத்திரையின் பலன் பாதி போய்விடும். இந்தக் காவல் இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும்தான். கீழ்க்குடலில் வரும் கசிவை அது தடுக்காது.

சிறுநீரகம் பற்றிக் கழுகு சொல்லும் பாடம்

டைக்ளோஃபினாக் போடப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக்கழுகுகள் சிறுநீரகம் நின்று, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படிந்து செத்தன. இந்தியாவில் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தருவதை 2006-இல் தடை செய்தார்கள். மாட்டின் உடலுக்குள் அசிக்ளோஃபினாக்கும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. அதற்கான தடை 2023-இல் வந்தது. நம் பக்கத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்காக இந்தப் போராட்டம் இன்னும் ஓயவில்லை. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைவிட எவ்வளவோ தாங்கும். ஆனாலும் மருந்து கைவைக்கும் உறுப்பு அதே உறுப்புதான்.

அதனால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் பிரஷர், கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர், ஹீமோகுளோபின். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும் 65-ஐத் தாண்டியவர்களும் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் பிரஷரையும் கிரியேட்டினினையும் மறுபடி பார்க்க வேண்டும். தொடர்ந்து எடுக்க நேர்ந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் என்றால் கல்லீரல் பரிசோதனையும் சேரும். வாந்தி, பேதி, சரியாகச் சாப்பிட முடியாத நாட்களில் வலி மாத்திரையை அன்றே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையை என்ன செய்வது என்று அதைத் தந்தவரைக் கேளுங்கள்.

பொட்டலத்தில் வரும் "செட்"

எந்தப் பெயரும் இல்லாமல் காகிதப் பொட்டலத்தில் மூன்று நான்கு மாத்திரை தந்து "ஒரு வேளைக்கு ஒரு செட்" என்று சொன்னால் வாங்காதீர்கள். அதில் டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. ஒரே வேளையில் பறந்துபோகும் வலி அதற்கு ஒரு அறிகுறி. வேர், மூலிகை என்ற பெயரில் ஊர் ஊராக விற்கும் மூட்டுவலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, பசி கூடினால் சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றம் வீசினால் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும்; ஆனால் அது தார் போல ஒட்டாது). வாந்தியில் ரத்தமோ, பில்டரில் மிஞ்சும் காபி மண்டி போன்றதோ வந்தால். நெஞ்சு அழுத்தம், ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல். மூச்சிரைப்பு, முகவீக்கம், வாய்ப்புண்ணோடு தோலில் கொப்புளம். இவற்றில் எது வந்தாலும் 108. சிறுநீர் குறைவது, கணுக்கால் வீங்குவது, ஒரு வாரத்தில் 2 கிலோ எடை கூடுவது ஆகியவற்றுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். வயதானவர்களில் வலியே இல்லாமல் புண்ணிலிருந்து ரத்தம் கசியும். காரணமில்லாத களைப்பும் வெளிறலும்கூட ஓர் அறிகுறிதான்.

வலி குறைந்த நேரத்தில்

மாத்திரை போட்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் வலி நன்றாகக் குறைந்திருக்கும். பயிற்சிக்கான நேரம் அதுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையின் முன்தசையை இறுக்கி 5 முதல் 10 விநாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். காலுக்கு 10 முறை, நாளுக்கு இரு வேளை. தொடைத் தசை பலப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மாத்திரையின் தேவை அதன் பிறகுதான் குறையத் தொடங்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. தரையில் சம்மணம் போடுவதையும் இந்தியக் கழிப்பறையையும் வலி கூடிய வாரங்களிலாவது தவிர்க்கலாம்.

இரண்டு வகை மாத்திரை, சரியான அளவு, உரிய நாள் பார்த்தும் கேட்கவில்லை என்றால் மூன்றாவதைத் தேடி அலைய வேண்டாம். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தாங்கும். வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் கூடாது, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். துலோக்ஸெட்டின் (மனச்சோர்வுக்கும் நாள்பட்ட வலிக்கும் தரும் மாத்திரை) சிலருக்கு உதவும். இரவில் தூக்கம் போய், தெருமுனை வரைகூட நடக்க முடியாத நிலைக்கு வந்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்கலாம். அப்போது மருத்துவர் எழுதித் தந்த சீட்டு மட்டும் போதாது. மெடிக்கலில் தாமாக வாங்கிப் போட்டது, பக்கத்து வீட்டில் கொடுத்தது, எல்லா அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அறுவைக்கு எத்தனை நாள் முன்பு எதை நிறுத்துவது என்பதை அந்த அட்டைகளின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.